கைத்திறன் கணக்கை மாற்றாது

போன மாதம் என் வெளிநோயாளி அறைக்கு வந்த பெண் ஒருவர் ஓர் இதழைப் பிரித்து மேசைமேல் வைத்தார். மார்பக அழகு அறுவைச் சிகிச்சை பற்றி மூத்த பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் எழுதிய கட்டுரை. நான்கு இடங்களில் நீல மையால் கோடு போட்டிருந்தார். கை சரியில்லாத மருத்துவரிடம் போனால்தான் சிக்கல் வரும் என்பது முதல் கோடு. இன்றைய சிலிகான் இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க நிற்கும் என்பது இரண்டாவது. புற்றுநோய் வரும் என்பது இணையத்தில் கிளப்பிவிட்ட பீதி என்பது மூன்றாவது. எல்லாமே சம்மதப் படிவத்தில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டபின் மருத்துவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை என்பது கடைசி. "இதெல்லாம் உண்மையா டாக்டர்?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். அவருக்கு அரை மணி நேரம் எடுத்துச் சொல்ல முடிந்தது. அந்தக் கட்டுரையைப் படித்த மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் இந்தத் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கத்தி பிடிப்பவள். இம்ப்ளான்ட் வைத்திருக்கிறேன், எடுத்தும் இருக்கிறேன். தன் உடம்பு இப்படி இருக்க வேண்டும் என்று விரும்பி வரும் பெண்ணை ஏற இறங்கப் பார்க்கும் கூட்டத்தோடு எனக்குச் சேர்த்தி இல்லை. அவருடைய ஆசைக்கு அவர் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் மருத்துவர். அந்தக் கடமையைத்தான் கட்டுரையாளர் கைகழுவியிருக்கிறார்.

அவருடைய முதல் வாதம்தான் மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்கிறது. திறமையான கையிடம் சிக்கல் வராது என்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. அவரிடம் வருபவருக்கு ஆறுதலாகவும் இருக்கும். ஆனால் உடம்பு இந்த வாதத்தை ஏற்பதில்லை.

எந்த வெளிப்பொருளை உள்ளே வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வைக் கட்டும். பேஸ்மேக்கரைச் சுற்றியும் கட்டும், சிலிகான் பையைச் சுற்றியும் கட்டும். யார் வைத்தாலும் கட்டும். அந்தச் சவ்வைத்தான் கேப்ஸ்யூல் என்கிறோம். பலருக்கு அது மெல்லியதாக, தொந்தரவில்லாமல் இருந்துவிடும். சிலருக்கு அது தடித்துச் சுருங்கிப் பையை நெரிக்கத் தொடங்கும். பை உருண்டையாகிவிடும், மார்பு மேலேறும், கல் போலாகும், வலிக்கும். இதை அளக்க பேக்கர் என்பவர் வகுத்த நான்கு படிகள் உண்டு. மூன்றாம் படியில் பார்த்தாலே தெரியும். நான்காம் படியில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. பிள்ளையை மார்போடு சேர்த்து அணைக்க முடியாது.

ஏன் சிலருக்கு மட்டும் சுருங்குகிறது? கிருமி ஒரு காரணம். சீழ் பிடிக்கும் கிருமி அல்ல. தோலிலும் பால் நாளங்களிலும் எல்லோரிடமும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டாஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்றவை. அவை பையின் மேல் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொண்டு, காய்ச்சலோ சிவப்போ காட்டாமல், வருடக்கணக்கில் அழற்சியை உண்டாக்கும். உள்ளே தேங்கும் ரத்தம் இன்னொரு காரணம். இதற்காகத்தான் கவனமுள்ள சர்ஜன் தியேட்டரில் அத்தனை பாடு படுகிறார். முலைக்காம்பின் மேல் ஒட்டுப் படலம் ஒட்டி மூடுவார். ரத்தக் கசிவு ஒன்றுவிடாமல் சுட்டு நிறுத்துவார். குழியைக் கிருமிநாசினியால் கழுவுவார். பையைத் தொடுமுன் கையுறை மாற்றுவார். பை தோலில் உரசாமல் இருக்க, ஜிலேபி பிழியும் துணிப்பை போன்ற ஒரு கூம்பு வழியாக அதை உள்ளே தள்ளுவார். இவையெல்லாம் ஆபத்தைக் குறைக்கும். குறைப்பது வேறு, இல்லாமல் ஆக்குவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதியிருப்பதுதான் அந்தக் கட்டுரையின் முதல் பொய்.

பொய் என்ற சொல்லைத் தெரிந்தே பயன்படுத்துகிறேன். இந்தத் துறையில் ஐந்து ஆண்டு இருந்த எவருக்கும் தெரிந்த ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் அலர்கன் நிறுவனம் தன் சிலிகான் இம்ப்ளான்ட்டுக்கு அனுமதி வாங்குவதற்காக நடத்திய ஆய்வு அது. தெருமுனைப் பார்லரில் நடந்ததல்ல. தேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன்கள், அனுமதி கிடைக்க வேண்டுமே என்ற கவனத்தோடு செய்தது. முதன்முறையாக மார்பைப் பெரிதாக்கிக்கொண்ட 455 பெண்கள் அதில் இருந்தார்கள். பத்தாண்டு முடிவு 2014-ல் வெளிவந்தது. அந்தப் பெண்களில் நூற்றுக்கு 36 பேருக்கு ஒரு முறையாவது மறு அறுவை தேவைப்பட்டிருந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேருக்கு மூன்றாம், நான்காம் படிச் சுருக்கம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு மேல் பை கிழிந்திருந்தது.

மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் மறுபடியும் மேசையில் ஏறியிருக்கிறார்கள். விற்க நினைத்த நிறுவனமே கொடுத்த கணக்கு இது. இத்தனைக்கும் கை சரியில்லாததே காரணம் என்று கட்டுரையாளர் சொல்வாரானால், அமெரிக்காவின் தேர்ந்த சர்ஜன்களைவிடத் தன் கை எந்த விதத்தில் மேல் என்பதைக் கணக்கோடு காட்டட்டும்.

காட்ட முடியாது. அவர் காட்டும் ஒரே சான்று, தன்னிடம் செய்துகொண்டவர்களில் யாரும் குறையோடு திரும்பி வரவில்லை என்பது. திரும்பி வரவில்லை என்றால் நலமாக இருக்கிறார்கள் என்று எப்படி அர்த்தம்? மார்பு கல்லாகிப் போன பெண் முதலில் செய்த மருத்துவரிடமே போவதில்லை. வெட்கம், கோபம், "நீங்கள்தானே கேட்டீர்கள்" என்ற பதிலை இன்னொரு முறை கேட்கும் தெம்பில்லாமை. வேறு ஊருக்குப் போவார், என்னைப் போன்ற வேறொருவரிடம் வருவார். 2006-ல் சிலிகான் பைகளுக்கு அனுமதி தந்தபோது அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு நிபந்தனை போட்டது: ஒவ்வொரு நிறுவனமும் பல்லாயிரம் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மென்டர் நிறுவனம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தது. மூன்றாம் ஆண்டில் தொடர்பில் இருந்தவர்கள் நூற்றுக்கு 21 பேர்தான். சட்டக் கட்டாயமும் பணமும் ஆட்களும் உள்ள நிறுவனத்தாலேயே ஐந்தில் நான்கு பெண்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு தனியார் கிளினிக்கின் மருத்துவர் "யாரும் வரவில்லை" என்று எழுதுவதற்கு என்ன மதிப்பு?

அடுத்து அவர் நுட்பங்களின் வளர்ச்சியைப் பட்டியலிடுகிறார். ஒவ்வொரு புது நுட்பமும் பழைய சிக்கலை ஒழித்துவிட்டது என்பது போல் எழுதியிருக்கிறார். இந்தத் துறையின் வரலாறு அப்படி ஓடவில்லை. ஒரு சிக்கலைத் தீர்க்க வந்த நுட்பம் பெரும்பாலும் இன்னொன்றைக் கையோடு கூட்டி வந்தது.

1962-ல் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் தாமஸ் க்ரோனின், ஃப்ராங்க் ஜெரோ என்ற இரு சர்ஜன்கள் முதல் சிலிகான் பையை ஒரு பெண்ணுக்கு வைத்தார்கள். மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்கத்தான் அவர் மருத்துவமனைக்கு வந்திருந்தார். இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளச் சொன்னது மருத்துவர்கள்தான். இந்தத் துறையின் முதல் நாளிலேயே நோயாளி கேட்காததை மருத்துவர் விற்றிருக்கிறார். அந்த முதல் பைகளின் தோல் தடிமனாக இருந்தது. நகராமல் இருக்கப் பின்புறம் டேக்ரான் துணித் துண்டு ஒட்டியிருந்தார்கள். மார்பு இறுகிப் போகிறது என்று புகார் வந்தது. சரி, மென்மையாக்குவோம் என்று எழுபதுகளில் தோலை மெலிதாக்கி, உள்ளிருக்கும் ஜெல்லையும் நீர்க்கச் செய்தார்கள். தொட்டால் இயல்பாக இருந்தது. ஆனால் அந்த மெல்லிய தோல் வழியே ஜெல் கசிந்தது, பைகள் கிழிந்தன.

அதே காலத்தில் இறுகிய மார்பைச் சரிசெய்ய ஒரு முறை வழக்கத்தில் இருந்தது. கத்தியே இல்லை. சர்ஜன் இரண்டு கைகளாலும் மார்பைப் பிடித்து, உள்ளே சவ்வு பட்டென்று கிழியும் வரை அழுத்திப் பிசைவார். கிழிந்ததும் மார்பு மென்மையாகிவிடும். சவ்வோடு சேர்ந்து உள்ளே பையும் கிழிந்தது பல பெண்களுக்கு. ரத்தம் கட்டியது. அழுத்திய சர்ஜன்களில் சிலருக்குக் கட்டைவிரல் தசைநாரே அறுந்தது. மருத்துவரின் தசைநார் அறும் அளவுக்கு ஒரு பெண்ணின் மார்பை அழுத்துவது ஒரு காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட நுட்பம். அதைச் செய்தவர்களும் கைத்திறன் உள்ளவர்கள்தான். பைக்குள் ஸ்டீராய்டு ஊற்றிச் சுருக்கத்தைத் தடுக்கப் பார்த்தார்கள். சதை மெலிந்து, தோல் நைந்து, பை வெளியே எட்டிப் பார்த்தது. பாலியூரித்தேன் நுரை போர்த்திய பைகள் வந்தன. அந்த நுரை உடம்புக்குள் சிதைந்து என்னவாகிறது என்ற கேள்வி எழுந்ததும் 1991-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டன.

பிறகு, பையை எங்கே வைப்பது என்பதில் மாற்றம் வந்தது. பால் சுரப்பிக்கு அடியில், தசைக்கு மேலே வைத்தால் எளிது, வலி குறைவு. ஆனால் ஒல்லியான பெண்ணுக்கு ஓரம் தெரியும், தோலில் அலை அலையாக மடிப்பு தெரியும், சுருக்கமும் அதிகம். ஆகவே நெஞ்சுத் தசைக்கு அடியில் வைத்தார்கள். சுருக்கம் குறைந்தது. 2001-ல் டெபெட்ஸ் என்ற டல்லஸ் சர்ஜன், மேல்பகுதி தசைக்கடியிலும் கீழ்ப்பகுதி சுரப்பிக்கடியிலும் இருக்கும்படி ஒரு முறையை விவரித்தார். நல்ல முறை, நானும் அதைச் செய்கிறேன். ஆனால் தசை தசைதான். வேலை செய்யும்போது அது சுருங்கும்.

இதை ஒரு பெண் எனக்குக் காட்டிய விதம் மறக்காது. வேறெங்கோ இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. தையல் தழும்பு அருமையாக ஆறியிருந்தது. கை நல்ல கை. என்ன குறை என்று கேட்டேன். பதில் பேசாமல் எழுந்து நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்தி வணக்கம் வைத்தார். இரண்டு மார்பும் மேலேயும் பக்கவாட்டிலும் துள்ளி விலகின. நடுவில் தோல் உள்ளிழுத்துக் கோடு விழுந்தது. கையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தன. "கோயில்ல கை கூப்ப முடியல டாக்டர்" என்றார். துணி பிழியும்போது, குக்கர் மூடியை இறுக்கும்போது, பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது இதேதான். அவருக்கு அறுவை செய்தவர் தவறு செய்யவில்லை. தசைக்கடியில் வைப்பதன் விலை அது. அந்த விலையை முன்கூட்டிச் சொல்லாததுதான் தவறு. தன்னிடம் யாருமே இதைச் சொல்லவில்லை என்று அவர் சொன்னார்.

கட்டுரையாளர் நுட்பத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். தசை அசைவால் மார்பு விலகுவதைப் பற்றி ஒரு வரி இல்லை. பை கீழே இறங்கிப் பழைய மடிப்பும் புது மடிப்பும் சேர்ந்து இரட்டைக் குமிழாகத் தெரிவதைப் பற்றி இல்லை. நடுவில் அதிகம் அறுத்துவிட்டால் இரண்டு பைகளும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதைப் பற்றி இல்லை. முலைக்காம்பில் உணர்ச்சி குறையலாம் என்பதைப் பற்றியும் இல்லை. காம்பைச் சுற்றிக் கீறினால் தழும்பு தெரியாது என்று மட்டும் எழுதியிருக்கிறார். அந்தக் கீறல் பால் நாளங்களையும் நரம்பையும் தொட்டுப் போகிறது, பிறகு தாய்ப்பால் போதாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது என்பது கல்யாணமாகாத இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா? தொங்கிய மார்பைத் தூக்கிக் கட்டுவதையும் இம்ப்ளான்ட்டையும் ஒரே நாளில் செய்துகொள்ளலாம் என்று பரிந்துரைக்கிறார். ஒன்று தோலைக் குறைத்து இறுக்குகிறது, மற்றது அதே தோலை உள்ளிருந்து தள்ளுகிறது. ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டும் சேரும்போது மறு அறுவை கூடும் என்பது அவருக்குத் தெரியாமலிருக்க வழியில்லை.

சொந்தக் கொழுப்பை எடுத்து ஊசியில் ஏற்றினால் ஆபத்தே இல்லை என்றும் ஓரிடத்தில் சொல்கிறார். ஏற்றிய கொழுப்பில் ஒரு பகுதி கரைந்துபோகும், ஒரு பகுதி செத்து எண்ணெய்க் கட்டியாகவோ சுண்ணாம்புக் கட்டியாகவோ நிற்கும். பிற்காலத்தில் மேமோகிராமில் சந்தேகத்தைக் கிளப்பி ஊசிச் சோதனை வரை கொண்டுபோகும். நல்ல முறைதான். ஆபத்தே இல்லை என்பது பொய்தான்.

இனி புற்றுநோய். இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போனது.

சுருக்கத்தைத் தடுக்க வந்த இன்னொரு நுட்பம், பையின் வெளித்தோலைச் சொரசொரப்பாக்குவது. வழவழப்பான பையைச் சுற்றிச் சவ்வு ஒரே திசையில் இழுத்துச் சுருங்கும், சொரசொரப்பில் திசு உள்ளே புகுந்து பிடித்துக்கொள்வதால் அப்படி இழுக்க முடியாது என்பது எண்ணம். அலர்கனின் பயோசெல் பைகளில், ஈரமான சிலிகான் மேல் உப்புப் பரல்களை அழுத்தி, பிறகு உப்பைக் கழுவி எடுத்துவிடுவார்கள். உப்பு இருந்த இடமெல்லாம் குழி. தசைக்கு மேலே வைக்கும் பைகளில் சுருக்கம் குறையவும் செய்தது. சர்ஜன்கள் விரும்பி வாங்கினார்கள்.

1997-ல் இம்ப்ளான்ட்டைச் சுற்றி ஒருவகை லிம்ஃபோமா வந்த ஒரு பெண்ணைப் பற்றி முதல் மருத்துவக் குறிப்பு வெளியானது. 2011-ல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தனி நோயாக வகைப்படுத்தியது. இதன் பெயர் பி.ஐ.ஏ.-ஏ.எல்.சி.எல். மார்பகப் புற்றுநோய் அல்ல. பையைச் சுற்றியுள்ள சவ்விலும் நீரிலும் பிறக்கும் ரத்த அணுப் புற்று. 2018 கடைசியில் ஐரோப்பாவில் அலர்கனின் சொரசொரப்புப் பைகளுக்குச் சான்று புதுப்பிக்கப்படவில்லை. 2019 ஏப்ரலில் பிரான்ஸ் அந்த வகைப் பைகளைத் தடை செய்தது. 2019 ஜூலை 24 அன்று எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டதன் பேரில் பயோசெல் பைகளை அலர்கன் உலகம் முழுவதிலுமிருந்து திரும்பப் பெற்றது. அன்று எஃப்.டி.ஏ. கையிலிருந்த கணக்கில் 573 பேருக்கு நோய், 33 பேர் மரணம். 573 பேரில் 481 பேருக்கு இருந்தது அலர்கன் பை.

இதைத்தான் இணையப் பீதி என்கிறார் கட்டுரையாளர். 33 பெண்கள் செத்திருக்கிறார்கள். ஒரு நிறுவனம் தன் சரக்கை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றிருக்கிறது. மருத்துவராக இருந்துகொண்டு இதை வதந்தி என்று அச்சில் எழுதுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

அரிது என்று சொல்லட்டும், ஒப்புக்கொள்கிறேன். உண்மையிலேயே அரிதான நோய் இது. அறிகுறி இல்லாதவர்கள் பயந்துபோய்ப் பையை எடுக்க வேண்டியதில்லை என்றுதான் எஃப்.டி.ஏ.வும் சொன்னது. ஆனால் அரிது என்பதற்காகச் சொல்லாமல் விட்டால், தெரிந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பெண் சாவார். இந்த நோய் பெரும்பாலும் பை வைத்துப் பல ஆண்டு கழித்து, எட்டு பத்து ஆண்டுகூடக் கழித்து, திடீரென்று ஒரு பக்கம் வீங்கி நீர் கோத்து வருகிறது. அந்த நீரை ஊசியில் எடுத்து சிடி30 சோதனைக்கு அனுப்ப வேண்டும். சவ்வுக்குள்ளேயே இருக்கும்போது பையையும் சவ்வையும் முழுமையாக எடுத்துவிட்டால் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடும். பீதி என்று படித்த பெண் என்ன செய்வார்? வீக்கத்தை ஏதோ இடிபட்டது என்று விட்டுவிடுவார். பீதி என்று படித்த பொது மருத்துவர் நீரை வடித்து வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு மாத்திரை எழுதிக் கொடுப்பார். இந்தச் சாவுகளுக்கு அந்தக் கட்டுரை பதில் சொல்லுமா?

ஒரு நியாயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சிலிகானால் மூட்டுவாதம், லூபஸ் போன்ற நோய்கள் வருகின்றன என்று தொண்ணூறுகளில் அமெரிக்காவில் பெரும் வழக்குகள் நடந்தன. டவ் கார்னிங் நிறுவனம் 1995-ல் திவால் மனு கொடுத்தது. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 1999-ல் ஆராய்ந்து, அந்தத் தொடர்புக்குத் தக்க சான்று இல்லை என்றது. கட்டுரையாளர் இதை மேற்கோள் காட்டுகிறார். காட்டட்டும். ஆனால் அதே அறிக்கை, பையைச் சுற்றிய சுருக்கமும் கிழிசலும் மறு அறுவையும் அடிக்கடி வருகின்றன, அவைதான் கவலைக்குரியவை என்றும் சொன்னது. முதல் பாதியை எடுத்துக்கொண்டு மறு பாதியை மறைத்திருக்கிறார்.

ஆயுள் முழுக்க நிற்கும் என்ற இரண்டாவது கோட்டுக்கு நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. 2021 அக்டோபரில் எஃப்.டி.ஏ. எல்லா மார்பக இம்ப்ளான்ட்டுகளின் விவரக்குறிப்பிலும் கட்டம் கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. இவை ஆயுள் முழுவதற்குமான சாதனங்கள் அல்ல என்பது அந்தக் கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கட்டுரையாளர் வாங்கும் பெட்டி எந்த நாட்டுக்குப் போவதானாலும், அதற்குள் இருக்கும் ஜெல்லும் தோலும் அதே ஜெல், அதே தோல். சிலிகான் பை கிழிந்தால் மார்பு சட்டென்று சுருங்காது. ஜெல் அங்கேயே இருக்கும், பெண்ணுக்குத் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால் கிழிந்த தோல் ஜெல்லுக்குள் சேமியா போல மிதந்துகொண்டிருக்கும். அதனால்தான் வலி இல்லாவிட்டாலும் ஐந்தாறு ஆண்டில் ஒரு ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை ஸ்கேன் என்று பரிந்துரை இருக்கிறது. அந்தச் செலவை, முதல் அறுவைக்கு இ.எம்.ஐ. கட்டி வரும் பெண்ணிடம் யார் சொல்கிறார்கள்?

சான்று பெற்ற பைகளைத்தான் பயன்படுத்துகிறோம் என்ற சமாதானமும் கட்டுரையில் உண்டு. பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனப் பைகளும் சான்று பெற்றவைதான். டூலோன் நகரத்துக்கு அருகில் இருந்த அந்தத் தொழிற்சாலையில், மருத்துவத் தர சிலிகானுக்குப் பதில் விலை மலிந்த தொழிற்சாலை சிலிகானை அடைத்தார்கள். 2010 மார்ச்சில் பிடிபடும் வரை அவை பல நாடுகளில் லட்சக்கணக்கான பெண்களின் உடம்புக்குள் போயிருந்தன. மறு ஆண்டு டிசம்பரில், 30,000 பிரெஞ்சுப் பெண்கள் முன்னெச்சரிக்கையாக அந்தப் பைகளை எடுத்துவிடலாம் என்று அந்நாட்டு அரசே அறிவித்தது. நிறுவனர் ழான்-க்ளோத் மாஸுக்கு 2013-ல் மார்செய் நீதிமன்றம் நான்காண்டு சிறை விதித்தது. அந்தப் பைகளை வைத்த சர்ஜன்களில் எத்தனையோ பேர் நல்ல கைகாரர்கள். பைக்குள் என்ன இருக்கிறது என்று கைக்குத் தெரியாது.

அரசே ஸ்டான்லி மருத்துவமனையில் இலவசமாகச் செய்யும்போது இதில் என்ன ஆபத்து என்று கட்டுரையாளர் கேட்பதுதான் எனக்கு மிகவும் வலித்தது. 2018 பிப்ரவரியில் அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் சென்னை ஸ்டான்லியில் இதற்கான இலவசப் பிரிவைத் தொடங்கிவைத்தபோது, ஏழைகளுக்கு மட்டும் இந்தச் சிகிச்சை ஏன் கிடைக்கக் கூடாது, கிடைக்காவிட்டால் கடன் வாங்கியோ ஆபத்தான வழிகளிலோ போவார்கள் என்று காரணம் சொன்னார். அந்த வாதத்தை நான் ஏற்கிறேன். ஆபத்து உண்டு, அதனால்தான் பொறுப்பான இடத்தில் நடக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஆபத்தே இல்லை என்று அதைத் திரிப்பது நேர்மையல்ல. தவிர, எல்லா மார்பக அறுவையும் பெரிதாக்குவதற்கல்ல; மார்பின் பாரத்தால் கழுத்தும் தோளும் வலித்து, உள்ளாடைப் பட்டை தோளில் பள்ளம் பறித்து, மார்புக்கடியில் வேர்வைப் புண் ஆறாமல் வரும் பெண்ணுக்குச் செய்வது மார்பகக் குறைப்பு. அதற்கும் விலை உண்டு: நங்கூரம் போன்ற தழும்பு, உணர்ச்சி இழப்பு, சில வேளை ரத்த ஓட்டம் போய் முலைக்காம்பே கறுத்து உதிர்வது. இருந்தும், முதுகு நிமிர்ந்து நடக்கிறேன் டாக்டர் என்று அவர்கள் வந்து சொல்லும்போது அந்த விலை தகும் என்று அவர்களே தீர்மானித்திருக்கிறார்கள். விலை தெரிந்து தீர்மானித்தார்கள். நான் கேட்பதும் அவ்வளவுதான்.

கடைசிக் கோடு, சம்மதப் படிவம். நம் ஊரில் அது எப்படிக் கையெழுத்தாகிறது என்பது கட்டுரையாளருக்கும் எனக்கும் தெரியும். அறுவைக்குப் போகும் காலை, வெறும் வயிறு, பச்சை கவுன், கையில் ஊசி ஏற்றியாயிற்று, பணம் கட்டியாயிற்று. நர்ஸ் ஆங்கிலத்தில் அச்சடித்த நான்கு பக்கத்தை நீட்டி, "இங்க, இங்க, இங்க" என்று விரலால் காட்டுவார். பெண் தமிழில் கையெழுத்துப் போடுவார். இதற்குப் பெயர் சம்மதமா? உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில், சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளிக்குப் புரியும்படி சொல்லிப் பெறுவதே சம்மதம் என்று தெளிவாக்கியது. எங்கோ லட்சத்தில் ஒன்றாக வரும் எல்லா ஆபத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நூற்றுக்கு 36 என்பது லட்சத்தில் ஒன்றா? அமெரிக்காவில் 2021 முதல், ஒவ்வோர் ஆபத்தையும் தனித்தனிக் கட்டமாகப் போட்ட பட்டியலை நோயாளியிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேராக அவர் சுருக்கொப்பம் இட வேண்டும். சர்ஜனும் கையெழுத்திட வேண்டும். அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதிக் கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதும். நான் எழுதியிருக்கிறேன். அதை வாங்கிப் போகும் பெண்கள் வாரக்கணக்கில் யோசித்து, வீட்டில் பேசிவிட்டுத் திரும்பி வருகிறார்கள். சிலர் வருவதில்லை. வராதவர்களால் என் வருமானம் குறைந்திருக்கிறது, அது எனக்குச் சம்மதம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணுக்குப் பை எடுத்தேன். வலது மார்பு கல்லாகியிருந்தது. செய்துகொண்ட கிளினிக் இப்போது இல்லை. கையில் ஒரு காகிதம்கூட இல்லை. என்ன கம்பெனி, வழவழப்பா சொரசொரப்பா, எத்தனை சி.சி., எதுவும் அவருக்குத் தெரியாது. சவ்வைக் கத்தரித்தபோது முட்டை ஓடு நொறுங்கும் சத்தம் வந்தது. அவ்வளவு சுண்ணாம்பு படிந்திருந்தது. கிழிந்த பையிலிருந்து தேன் போல ஜெல் கையுறையில் ஒட்டிக்கொண்டது. பையின் பின்புறத்தை நர்ஸ் ஈரத் துணியால் துடைத்து விளக்கு வெளிச்சத்தில் காட்டிய பிறகுதான், அதில் பொறித்திருந்த எழுத்தைப் படித்து என்ன பை என்று தெரிந்துகொண்டோம். ஒன்பது ஆண்டு தன் உடம்புக்குள் இருந்த பொருளின் பெயரை அந்தப் பெண் மயக்கம் தெளிந்த பிறகுதான் முதன்முதலாகக் கேட்டார்.

ஒவ்வோர் இம்ப்ளான்ட் பெட்டிக்குள்ளும் கம்பெனி பெயர், மாடல், அளவு, வரிசை எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று மருத்துவமனைக் கோப்பில் ஒட்ட, ஒன்று உங்களுக்கு. அறுவைக்குத் தேதி வாங்கும்போதே கேளுங்கள்: அந்த ஸ்டிக்கர் என் கைக்கு வருமா, பத்து ஆண்டில் மறு அறுவைக்கு வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை, ஒரு பக்கம் திடீரென வீங்கினால் நான் யாரைக் கூப்பிட வேண்டும்? "என் கையில் சிக்கல் எதுவும் வராது" என்று பதில் வந்தால் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.